பாலக்காட்டில் ஒரு பெண்ணியத் தெரபிஸ்ட்: எட்டு மாதம் போய் வந்தபின் எழுதுகிறேன்

தெரபிஸ்ட்டின் பெயரையும் இடத்தையும் நான் போடவில்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், அவர் பெயரைப் போட்டால் நான் யார் என்பதும் தெரிந்துவிடும். மற்றதெல்லாம் எழுதுகிறேன், ஏனென்றால் நான் தேடிய நாளில் இதைப் பற்றித் தமிழில் ஒருவர் அனுபவமாக எழுதியது ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

என் கதை சுருக்கமாக. அத்தைக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்து மூன்று வருஷம். பள்ளிக்கூட வேலை, இரண்டு பிள்ளைகள், தோப்பில் தேங்காய் போடுகிற நாளில் ஆட்களுக்குச் சாப்பாடு, ராத்திரி அத்தையைத் திருப்பிப் படுக்க வைப்பது, எல்லாம் என் கையில். தூக்கம் போனது, நெஞ்சு படபடத்தது, பஸ்ஸில் உட்கார்ந்தால் காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர். முதலில் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு கவுன்சிலிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா நாற்பது நிமிஷம் பேசினார். வீட்டுக்காரர் கோபப்படுகிற நேரத்தில் எதிர்த்துப் பேசாதீர்கள், காலையில் அரைமணி முன்னாடி எழுந்தால் டென்ஷன் குறையும் என்றார். நான் அப்போதே நாலரைக்கு எழுந்துகொண்டிருந்தேன். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அன்றைக்கு வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டும்போது எனக்கு வந்த வெறுமையை இப்போது நினைத்தாலும் வயிறு பிசைகிறது.

அப்புறம் கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லித்தான் பெண்ணியத் தெரபி என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. பெண்ணின் கஷ்டத்தை அவள் குறையாக மட்டும் பார்க்காமல், வீடும் சமுதாயமும் அவள் மேல் ஏற்றியதையும் சேர்த்துப் பார்க்கிற முறை அது. அவள் கொடுத்த நாலு நம்பருக்கும் போன் செய்தேன். எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: குடும்பப் பாரம் தாங்காமல் ஒரு பெண் வந்தால் எங்கிருந்து தொடங்குவீர்கள்? ஒருவர் "முதல்ல உங்க எண்ணங்களைச் சரி பண்ணுவோம்" என்றார். இன்னொருவர் கணவரையும் கூட்டி வந்தால்தான் பார்ப்பேன் என்றார். மூன்றாமவர் எடுக்கவில்லை. நான்காமவர்தான் இவர். "உங்க மேல என்னென்ன ஏறி உட்கார்ந்திருக்கு, அதை யார் ஏத்தினாங்கன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம், எதை இறக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க" என்கிற அர்த்தத்தில் மலையாளத்தில் சொன்னார். நான் கேட்காமலே படிப்பு, ரீஹாபிலிட்டேஷன் கவுன்சில் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகள் பதிவு செய்கிற மத்திய அரசு அமைப்பு) பதிவு எண், கட்டணம் எல்லாம் சொன்னார். மூன்று தடவை வந்தும் சரிப்படவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஆளைக் காட்டுகிறேன் என்றார். அந்தப் பதிவு எண்ணை நீங்களும் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவருக்கு அது இருக்க வேண்டும். வெறும் கவுன்சிலர் என்ற போர்டுக்குப் பின்னால் எட்டு வருஷப் படிப்பும் இருக்கலாம், எட்டு நாள் பயிற்சியும் இருக்கலாம்.

முதல் நாள் சித்தூர் பஸ் பிடித்துப் போனேன். மேஜை இல்லை, ஒரே மாதிரி இரண்டு பிரம்பு நாற்காலி. மேடம் என்றேன், வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். அது எனக்கு வாயில் வரவில்லை, கடைசியில் சேச்சி என்று முடிவானது. நான் பேசுவதை அவர் எழுதுகிற நோட்டை எப்போது கேட்டாலும் காட்டுவேன் என்றார். நான் சொல்வது வெளியே போகாது, என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு என்று விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். தைராய்டும் ரத்த அளவும் பார்த்து வரச் சொன்னார். தூக்கத்துக்கு மருந்து தேவைப்படலாம், அதைத் தான் எழுதக்கூடாது, மனநல மருத்துவர்தான் எழுத வேண்டும் என்று சொல்லி அவரிடம் அனுப்பியும் வைத்தார். சமுதாயம்தான் காரணம் என்று சொல்லிவிட்டு உடம்பை அவர் விட்டுவிடவில்லை.

மொழி விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் பாலக்காட்டு மலையாளம், நான் தமிழ், இங்கே அது சகஜம். அந்த முதல் நாளில் "சங்கடம் உண்டோ?" என்று கேட்டார். இல்லவே இல்லை சேச்சி என்றேன். அவர் முன்னால் பேசக் கூச்சமாக இருக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்தேன். மலையாளத்தில் சங்கடம் என்றால் துக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு அது தெரியாதது இல்லை, இருந்தும் அந்த நிமிஷத்தில் தமிழ்க் காதுதான் கேட்டது. மூன்றாவது வாரம் நோட்டை வாங்கிப் பார்த்தால் 'துக்கம் இல்லை என்கிறார்' என்று எழுதியிருக்கிறது. நோட்டைக் காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லாமல் இருந்திருந்தால் அது அப்படியே நின்றிருக்கும்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? ஒரு நாள் வெள்ளைத்தாளில் 'நல்ல மருமகள்' என்று எழுதி, கீழே அவள் என்னென்ன செய்வாள் என்று எழுதச் சொன்னார். நான் இருபத்திரண்டு வரி எழுதினேன். பக்கத்தில் ஒவ்வொன்றையும் யார் சொன்னது என்று எழுதச் சொன்னார். அம்மா, பாட்டி, நாத்தனார், பக்கத்து வீடு, ஸ்கூல் ஹெட்மாஸ்டர் எல்லாரும் வந்தார்கள். என் பெயர் ஒரே ஒரு வரிக்கு வந்தது: அத்தைக்குக் கஞ்சி ஆறாமல் கொடுக்க வேண்டும். அது எனக்கு நிஜமாகவே முக்கியம், இன்றைக்கும் அதை நான்தான் செய்கிறேன். மற்ற இருபத்தொன்றையும் அந்த ஒரு மணி நேரமும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பெண்ணியத் தெரபி அமெரிக்க விஷயம்தானே, நமக்கு எதற்கு என்று நேராகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. 1960களின் கடைசியிலும் 1970களிலும் அங்கே பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைப் பேசியதிலிருந்து வந்ததுதான் என்றார். 1970-இல் ப்ரோவர்மன் என்பவரும் கூட இருந்தவர்களும் செய்த ஓர் ஆய்வைச் சொன்னார். மனநலத் துறையில் வேலை பார்க்கும் 79 பேரில் ஒரு பகுதியினரிடம் ஆரோக்கியமான ஆண் எப்படி இருப்பார், இன்னொரு பகுதியினரிடம் ஆரோக்கியமான பெண், மீதிப் பேரிடம் ஆண் பெண் என்று சொல்லாமல் ஆரோக்கியமான வயது வந்தவர் எப்படி இருப்பார் என்று கேட்டிருக்கிறார்கள். ஆணுக்கும் வயது வந்தவருக்கும் சொன்ன குணங்கள் ஏறக்குறைய ஒன்று. பெண் மட்டும் இன்னும் அடங்கிப் போகிறவள், சுதந்திரம் குறைந்தவள், சீக்கிரம் பதறுகிறவள். அப்படியென்றால் பெண்ணாகச் சரியாக இருந்தால் மனுஷியாகச் சரியில்லை, மனுஷியாகச் சரியாக இருந்தால் பெண்ணாகச் சரியில்லை. எனக்கு அந்தக் கவுன்சிலிங் சென்டர்தான் கண்முன் வந்தது. நம் நாட்டிலும் 2000-வாக்கிலேயே மும்பை பாந்த்ராவில் மாநகராட்சி நடத்தும் பாபா மருத்துவமனைக்குள் திலாசா என்ற மையம் தொடங்கி, வீட்டில் அடி வாங்கி வரும் பெண்களுக்கு இந்த முறையில்தான் கவுன்சிலிங் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னார்.

எனக்கு ரொம்ப உதவியது கோபத்தைப் பற்றிப் பேசியது. "தேஷ்யம் எவிடெ போயி?" என்று ஒரு நாள் கேட்டார். எனக்குக் கோபமே வராது என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். வீட்டில் யாருக்கெல்லாம் வரும் என்றார். யோசித்தால், எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரருக்கு வந்தால் அதன் பேர் கோபம், எனக்கு வந்தால் அதன் பேர் வாய். பேர்கூட வைக்காத ஒன்றை எங்கே போய்த் தேடுவது? அதன்பின் ஆறேழு வாரம் பேசியது முழுக்க அதுதான்.

வீட்டைப் பிரித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். விட்டுப் போ என்று ஒரு தடவையும் அவர் சொல்லவில்லை, பொறுத்துப் போ என்றும் சொல்லவில்லை. அடி உதை உண்டா, பயம் உண்டா, பணம் யார் கையில் என்று மட்டும் தெளிவாகக் கேட்டார். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் வார்த்தையால் வதைப்பதும் வரும் என்று தெரியப்படுத்தினார். எங்கள் வீட்டில் அந்த அளவு இல்லை. எனக்குத் தேவைப்பட்டது ராத்திரி முறை பிரிப்பது. அதற்குச் சேச்சி என் கொழுந்தனார் மாதிரி எதிரில் உட்கார்ந்துகொண்டார், நான் சொல்லிப் பழகினேன். முதல் தடவை "முடிஞ்சா" என்று தொடங்கினேன், நிறுத்தினார். நாலாவது தடவை "புதனும் சனியும் ராத்திரி அம்மாவை நீங்க பார்த்துக்கணும்" என்று முழுசாக வந்தது. வீட்டில் சொன்ன அன்று பெரிய சத்தம் நடந்தது, நாத்தனார் ஒரு மாசம் பேசவில்லை, என் வீட்டுக்காரர் மட்டும் இரண்டாம் நாள் "சரி, நானும் திங்கக்கிழமை பார்க்கிறேன்" என்றார்.

குறைகளும் உண்டு. ஒரு தடவைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய், ஐம்பது நிமிஷம். கேட்டபின் எண்ணூறாகக் குறைத்தார், கேட்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது, அதை முதலிலேயே சொல்லலாம். சனிக்கிழமை நேரம் கிடைப்பது கஷ்டம். சில வாரம் ஆன்லைனில் பேசினோம், வீட்டில் தனி இடம் இல்லாததால் தோப்பில் மோட்டார் ரூமில் உட்கார்ந்தேன், பாதி சிக்னல், பாதி மோட்டார். டவுனில் வளர்ந்தவர் என்பதால் எங்கள் சாதிக் கட்டுப்பாடும் சீர் கணக்கும் அவருக்குப் புரிய நாளானது. இந்தத் தெரபி தொடக்கத்தில் வசதியான வெள்ளைக்காரப் பெண்களின் கஷ்டத்தைத்தான் பார்த்தது, கறுப்பினப் பெண்கள் கேள்வி கேட்டபின்தான் விரிந்தது, அதனால் நீங்கள் சொல்லித்தான் நான் கற்க வேண்டும் என்றார். ஒரு நாள் சமுதாயம், அதிகாரம் என்று அதிகமாகப் பேசினார், இன்றைக்கு எனக்கு அழ மட்டும் வேண்டும் என்றேன், நிறுத்திவிட்டார்.

இவ்வளவு பணம் முடியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம், மத்திய அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, காசில்லை, எந்த நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பெண்கள் உதவி எண் 181. கேரளத்துக்காரர்களுக்குக் குடும்பஸ்ரீயின் (கேரள அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பு) ஸ்நேகிதா மையமும் உண்டு, தங்கவும் இடம் தருவார்கள்.

நான் இப்போது மாதம் ஒரு தடவைதான் போகிறேன். போன புதன் ராத்திரி கொழுந்தனார் முறை. அத்தை இரண்டு தடவை கூப்பிட்டது என் காதில் விழுந்தது, நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே லைட் போடுகிற சத்தம் கேட்டது.