மூளைக் குழாய் வீக்கம்: மூக்கு வழியா, மண்டையோட்டைத் திறந்தா?

ஸ்கேனில் அனியூரிசம், அதாவது மூளை இரத்தக் குழாயில் குமிழ்போல் ஒரு வீக்கம் என்று தெரிந்ததும், "மண்டையோட்டைத் திறக்காமல், மூக்கு வழியாகவே அறுவை சிகிச்சையை முடித்துவிடலாமாமே?" என்று கேட்பவர்கள் பலர். கேள்வி நியாயமானதுதான்.

தழும்பு: மூக்கு வழியில் வெளியே ஒன்றும் தெரியாது. திறந்த முறையில் மயிர்க்கோட்டை ஒட்டித் தையல்.

மூளைக்குத் தொந்தரவு: மூக்கு வழியில் மூளையை ஒதுக்க வேண்டியதில்லை. திறந்த முறையில் சற்றே ஒதுக்க நேரலாம்.

கைக்கு இடம்: விஷயமே இங்குதான் இருக்கிறது. சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பும் (உள்ளே பார்க்க உதவும் கேமராக் குழல்) மற்ற கருவிகளும் ஒரே சந்துக்குள் நெருக்கியடிக்கும். நடுவில் குமிழ் வெடித்தால், குழாயை இரு பக்கமும் அடைத்து இரத்தத்தை நிறுத்தியாக வேண்டும். 1937-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி, குமிழின் கழுத்தை இறுக்கி மூடும் முதல் கிளிப்பைப் போட்ட திறந்த வழியில் அதற்குக் கை எட்டும்.

கசிவு: மூக்கு வழியின் பலவீனம் இது. அறுவைக்குப் பிறகு குனிந்தால் ஒரு நாசியில் தெளிந்த நீர் சொட்டும்; தொண்டையில் உப்புக்கரிக்கும். மூளையைச் சூழ்ந்த நீர் அது. கவனிக்காவிட்டால் மூளைச்சவ்வு அழற்சி வரலாம். அறுவைக்காகப் போட்ட ஓட்டையை மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வால் மூடும் முறை 2006-இல் வெளியான பிறகு இந்த அபாயம் வெகுவாகக் குறைந்தது.

பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சுரப்பி) கட்டி என்றால் பெரும்பாலும் மூக்கு வழிதான். அனியூரிசம் என்றால், நடுக்கோட்டை ஒட்டி அமைந்த மிகச் சிலவற்றுக்கு மட்டும், அனுபவமுள்ள குழுவிடம். மற்றவர்களுக்குத் திறந்த முறையே என் தேர்வு. அதற்கும் முன்பு, தொடை அல்லது மணிக்கட்டுக் குழாய் வழியாகக் காயில் (குமிழை உள்ளிருந்து அடைக்கும் மெல்லிய கம்பிச் சுருள்) வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.