மாதம் 100 ரூபாய் சந்தா: எங்கள் நகர் நலச்சங்கத்துக்கு ஒரு விமர்சனம்

ரசீதுகளை எண்ணிப் பார்த்தேன்: 26. மாதம் 100 ரூபாய், சேரும்போது 500, ஆக 3,100 ரூபாய். இதே பணத்துக்கு மிக்ஸி வாங்கியிருந்தால், ஜார் மூடி சரியாக உட்காரவில்லை என்று அன்றைக்கே எழுதியிருப்பேன். குடியிருப்போர் நலச்சங்கத்தைப் பற்றி மட்டும் இரண்டு வருடமாக வாயைத் திறக்கவில்லை. செயலாளர் எதிர் வீட்டுக்காரர். காலையில் பால் வாங்கப் போனால் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

சங்கத்தின் பெயரும் நகரின் பெயரும் வேண்டாம். புதுச்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஆறு குறுக்குத் தெரு, ஒரு பிள்ளையார் கோயில், மழைக்காலத்தில் மட்டும் ஒரு குளம். குளம் என்பது எங்கள் மூன்றாவது குறுக்குத் தெருதான்.

2023 செப்டம்பரில் சேர்ந்தேன். சமூக சேவை ஆர்வமெல்லாம் இல்லை. வீட்டுக்கு எதிரே தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை, மகள் டியூஷன் முடிந்து வர எட்டரை ஆகும். ஒரு அலுவலகத்துக்குப் போனேன், இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். அவர்கள் காட்டிய இன்னொரு அலுவலகத்துக்குப் போனேன், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

செயலாளர் சார் மின் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கம்பத்து நம்பர் என்ன மேடம்?” கம்பத்துக்கு நம்பர் இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்து எழுதி வந்தேன். சங்கத்தின் லெட்டர்பேடில் நாலே வரி. இரண்டு பிரதி எடுக்கச் சொன்னார். ஒன்றை அங்கே கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு சீல் வாங்கி வரச் சொன்னார். “சீல் இல்லாத மனு, போஸ்ட் பண்ணாத லெட்டர் மாதிரி.” ஆறாம் நாள் விளக்கு எரிந்தது. ஏழாம் நாள் 600 ரூபாய் கட்டி உறுப்பினரானேன்.

இந்தச் சேவையின் உண்மையான சரக்கு இதுதான்: எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்ற விவரம். தெருவோரச் சின்ன வாய்க்கால் நகராட்சி. அது போய்ச் சேருகிற பெரிய வாய்க்கால் பொதுப்பணித் துறை. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பொதுப்பணித் துறைதான், ஆனால் அங்கே வேறு பிரிவு. குப்பை நகராட்சி. தனி ஆளாக அலைந்தால் இதைக் கற்றுக்கொள்ளவே ஒரு வருடம் ஆகும். சங்கத்தில் அது ஒரு டீக்குள் முடிந்துவிடுகிறது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: கவுன்சிலரிடம் சொன்னால் போதாதா? எங்களுக்குக் கவுன்சிலர் கிடையாது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 1880இல், கொம்யூன்களுக்கு, அதாவது அந்தக் காலத்து உள்ளாட்சிப் பிரிவுகளுக்கு, நகரசபை வந்த ஊர் இது. சுதந்திரத்துக்குப் பிறகு 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 வருடம் கழித்து 2006இல். அப்போது ஜெயித்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி வரைக்கும் அறிவித்தார்கள், வார்டு ஒதுக்கீட்டுச் சிக்கல் நீதிமன்றத்துக்குப் போய் அதுவும் நின்றது. கடற்கரையில் பழைய மேரி கட்டிடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகரசபைக் கட்டிடம், 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021இல் திறந்துவிட்டார்கள். கட்டிடம் திரும்பி வந்துவிட்டது, நாம் ஓட்டுப் போட்டு அனுப்ப வேண்டியவர்கள்தான் இன்னும் வரவில்லை.

அதனால் இங்கே எல்லாவற்றுக்கும் எம்எல்ஏதான். சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதி, ஆகவே தொகுதி சின்னது, அவரைப் பார்ப்பதும் சுலபம். சாக்கடை அடைத்தாலும் அவர், காதுகுத்துக்கும் அவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா இதைக் கேட்டுச் சிரிப்பாள். அவர்கள் ஊர் 2021இல் மாநகராட்சியாகி, 2022இல் 45 வார்டுக்கும் தேர்தல் நடந்தது. “எங்க கவுன்சிலர் வீடு ரெண்டு தெரு தள்ளிதான், போய்க் கத்திட்டு வரலாம்டி” என்பாள். கத்தினால் வேலை நடக்கிறதா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். ஆனாலும் கத்துவதற்கு ஒரு வாசல் இருக்கிறதே, அதில் எனக்குப் பொறாமைதான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

கூட்டம் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பத்தரை, கோயில் மண்டபம். ஞாயிறு பத்தரைக்கு எந்த வீட்டில் பெண்கள் சும்மா இருக்கிறார்கள்? கறி அடுப்பில் இருக்கும் நேரம். நேரம் குறித்தவர்கள் பதினொரு பேர், பதினொருவரும் ஆண்கள். டீ நல்ல டீ, சுண்டலும் உண்டு, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொங்கல் விழாவில் பரிசாக டிபன் பாக்ஸா பிளாஸ்டிக் வாளியா என்று ஒன்றேகால் மணி நேரம் பேசியவர்கள், வாய்க்கால் தூர்வாருவதற்கு ஒதுக்கியது பத்து நிமிடம். நான் போன மூன்றாவது கூட்டத்தில் சிசிடிவி கேமரா நாலு வாங்கத் தீர்மானம். 58,000 ரூபாய். இரண்டில் இப்போது படம் வருவதில்லை. ஒன்று தலைவர் வீட்டு வேப்பமரத்தை இருபத்துநாலு மணி நேரமும் காவல் காக்கிறது.

பெரிய குறை வேறு. நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், எட்டு வருடமாக. சங்கத்து விதியின்படி வாடகைக்காரர்கள் ‘இணை உறுப்பினர்’. சந்தா ஒன்றுதான். பேசலாம், ஓட்டுக் கிடையாது. சேரும்போது இதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஃபெஞ்சல் புயல் வந்த பிறகுதான் உறைத்தது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரெல்லாம் மிதந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் முதலில் குளியலறை ஜாலி வழியாகத்தான் தண்ணீர் மேலே வந்தது. விடிவதற்குள் கட்டில் கால் முழுகிவிட்டது. வாஷிங் மெஷின், என் கணக்குக் கோப்புகள், மகளின் பத்தாம் வகுப்பு நோட்டுகள், எல்லாம் போயிற்று. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா எங்களைக் கூப்பிட்டு இரண்டு நாள் வைத்துச் சோறு போட்டார். அவரைக் குறை சொன்னால் எனக்கு அடுக்காது.

மாடியில் அவர்கள் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் சொந்தக்காரர் மேலே, வாடகைக்காரர் கீழே. தண்ணீர் புகுந்ததெல்லாம் கீழ்வீட்டில். வாய்க்காலுக்குச் செலவு செய்யலாமா, கேமராவுக்குச் செய்யலாமா என்று கை தூக்குகிறவர்கள் மேல்வீட்டில். கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்யவில்லை. அவர்கள் கால் நனையவில்லை, அவ்வளவுதான்.

2025 ஏப்ரலில் பொதுக்குழு. அதற்குள் பொருளாளர் பெரியவர் கணக்கை என்னிடம் கொடுத்திருந்தார். ஜிஎஸ்டி ஃபைலிங் என் தொழில், “நீயே டைப் பண்ணிடும்மா, எனக்குக் கண்ணு தெரியல” என்றார். சங்கம் பதிவாகியிருக்கும் சட்டம் 1860ஆம் வருடத்தது, ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம் என்று சொல்லும் அதே பழைய சட்டம். ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பொதுக்குழு முடிந்து 14 நாளுக்குள் நிர்வாகிகள் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று இருந்தது. அப்புறம் 15ஆம் பிரிவு. மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு ஓட்டுரிமை கிடையாது, உறுப்பினராகவே எண்ணக் கூடாது. நான் பேரேட்டைத் திறந்தேன்.

கூட்டத்துக்கு 43 சொந்த வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். வாடகைக்காரர்களுக்கும் ஓட்டுத் தர வேண்டும் என்று நான் கேட்டதும் எதிர்பார்த்த பதில் வந்தது: “அவங்க பதினோரு மாசத்துல காலி பண்ணிட்டுப் போயிடுவாங்கம்மா.” எட்டு வருடமாக இருக்கிறேன் சார், என் ரசீதில் ஒரு மாதம் விட்டுப்போகவில்லை என்று சொல்லிவிட்டு, பாக்கிப் பட்டியலை எடுத்தேன். பெயர் படிக்கவில்லை. வந்திருப்பவர்களில் 19 பேருக்கு மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி, சட்டப்படி இன்றைக்கு அவர்களும் என்னைப் போலத்தான், பேசலாம், கை தூக்க முடியாது என்று மட்டும் சொன்னேன்.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் யாரோ ஒருவர் சட்டைப்பையைத் தொட்டார், அவரைப் பார்த்து இன்னொருவர். கால் மணி நேரத்தில் என் மேசை முன்னால் வரிசை. ஜிபே நம்பர் சொல்லுங்க என்றார்கள். பொருளாளர் பெரியவர் ரசீது கிழித்துக் கிழித்துக் கை வலிக்கிறது என்றார். அன்று வசூல் 16,700 ரூபாய். சங்க வரலாற்றில் ஒரே நாளில் அவ்வளவு வந்ததில்லையாம்.

இதனால் எனக்கு ஓட்டுக் கிடைத்ததா என்றால், இல்லை. பாக்கியைக் கட்டி முடித்ததும் எல்லோரும் சட்டப்படி உறுப்பினராகி, சட்டப்படி கை தூக்கி, என் கோரிக்கையைத் தோற்கடித்தார்கள். எதிராக 26, ஆதரவாக 17. சென்னையில் குடியிருந்துகொண்டு இங்கே வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவர் அன்றைக்கென்று காரில் வந்து எதிராகக் கை தூக்கிவிட்டுப் போனார். வீடு சுற்றி ஓடும் வாய்க்கால் எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

ஆனால் அந்த 17 என்ற எண் வேலை செய்தது. அடுத்த மாதமே, வசூலான பணத்தில் ஆள் வைத்து எங்கள் தெருச் சின்ன வாய்க்காலைச் சுத்தம் செய்தார்கள். பெரிய வாய்க்காலோடு சேரும் இடத்தில் கம்பி வலை போட்டார்கள், பாட்டிலும் கேரி பேகும் அங்கேயே நின்றுவிடுகின்றன. வாரம் ஒருமுறை அள்ள வேண்டும், முறை போட்டிருக்கிறோம். பெரிய வாய்க்காலுக்கு மனு கொடுத்திருக்கிறோம், சீலோடு. செயலாளர் சார் தெருவாரியாகக் கீழ்வீடுகள் பட்டியல் ஒன்று தயாரித்தார்: வயதானவர்கள் எங்கே, கைக்குழந்தை எங்கே, தண்ணீர் ஏறினால் எந்த மாடிக்கு யார் போவது. எனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களில் நாலு பேர் தங்கள் மாடியை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் இப்போது மாலை ஐந்துக்கு மாறியிருக்கிறது. போன மாதம் பெண்கள் எட்டுப் பேர் வந்தோம்.

சேரலாமா என்று கேட்கும் புதுக் குடித்தனக்காரர்களுக்கு: சேருங்கள். சந்தாவுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள், அதில் மாதம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸ் கேளுங்கள், முதலில் முகம் சுளிப்பார்கள், கொடுத்துவிடுவார்கள். வாட்ஸப் குழுவை மௌனத்தில் போட்டுவிடுங்கள், காலை வணக்கம் மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது வரும்.

சொந்த வீட்டுக்காரராக இருந்தால் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வாடகைக்காரியாக, இப்போதைக்கு மூன்று. அக்டோபர் பிறந்து மழை தொடங்கிவிட்டது, நேற்று வலையில் ஒரு சாக்கு நிறைய அள்ளினோம். டிசம்பர் முடிந்ததும் நட்சத்திரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்த்துத் திருத்தி எழுதுகிறேன்.