கூரைக்காரரே இன்சூரன்ஸ் கிளெய்மும் பேசித் தருவதாகச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்

டெக்சாஸில், அதுவும் டாலஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். போன ஏப்ரலில் எங்கள் தெருவில் ஆலங்கட்டி மழை கொட்டிய மறுநாளே ஒரு கூரைக்காரர் வந்து கதவைத் தட்டினார். ஏணி போட்டு ஏறி, போட்டோ எடுத்துக் காட்டி, "இன்சூரன்ஸ்காரர்களிடம் நாங்களே பேசிக்கொள்கிறோம், டிடக்டபிளும் நீங்கள் கட்ட வேண்டாம்" என்றார். டிடக்டபிள் என்றால் நஷ்டத்தில் நாமே ஏற்க வேண்டிய பங்கு. எங்கள் பாலிசியில் அது வீட்டு மதிப்பில் 2 சதவீதம், 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 8,000 டாலர். அவ்வளவும் மிச்சம் என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். அவர் நீட்டிய டேப்லெட்டில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி கூரைக்கு 18,000 மதிப்புப் போட்டு, தேய்மானம் 6,000, டிடக்டபிள் 8,000 கழித்து, முதலில் 4,000க்கு செக் அனுப்பியது. அதை முன்பணமாக அவரிடமே கொடுத்தேன். "இது பத்தாது, பேசி ஏற்றித் தருகிறேன்" என்று இரண்டு மாதம் இழுத்தார். கூரையில் ஒரு ஷிங்கிள் மாறவில்லை, மழை வந்தால் மாடி அறையில் பக்கெட் வைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் இன்சூரன்ஸ் ஆள்தான் போனில் சொன்னார், உங்கள் சார்பில் பேச அவருக்கு உரிமமே இல்லையே என்று.

சரி, என்ன உரிமம் என்று அதற்கப்புறம்தான் தேடினேன். இங்கே கூரை போட மாநில உரிமம் தேவையில்லை, ஆனால் வீட்டுக்காரருக்காகக் கிளெய்ம் பேரம் பேச 'பப்ளிக் அட்ஜஸ்டர்' உரிமம் கட்டாயம். கூரைக்காரர் தன் எஸ்டிமேட்டை விளக்கலாம், அவ்வளவுதான். உரிமமே இருந்தாலும் அதே வீட்டில் வேலையையும் அவரே எடுக்கக் கூடாது. பேச்சுரிமை பறிபோகிறது என்று ஒரு கூரை நிறுவனம் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. உரிமமுள்ளவர் என்றால் கிளெய்ம் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது, 72 மணி நேரத்துக்குள் நாம் ரத்தும் செய்யலாம். டிடக்டபிளைத் தள்ளுபடி செய்வதோ, 2019 செப்டம்பரிலிருந்தே சட்டவிரோதம். நம் பங்கைக் கட்டியதற்கு ஆதாரம் காட்டும்வரை, முதல் செக்கில் பிடித்துவைத்த தேய்மானத் தொகையைக் கம்பெனி தராமல் நிறுத்தி வைக்கலாம்.

ஒப்பந்தம் வேண்டாம் என்றதும் 25 சதவீதம் ரத்துக் கட்டணம் கேட்டார். உரிமமில்லாதவரோடு போட்ட இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நாம் நினைத்தால் செல்லாததாக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது, அந்தப் பிரிவை எடுத்து மெயிலில் போட்டேன், கட்டணப் பேச்சு அதோடு நின்றது. என் 4,000 மட்டும் இன்னும் வரவில்லை. மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். உரிமம் உண்டா இல்லையா என்று அந்தத் துறையின் தளத்தில் பெயரைப் போட்டாலே தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை, அன்றைக்கு அவர் ஏணியை மடிப்பதற்குள் நானே பார்த்திருக்கலாம்.