மல்டிசைட்டில் ஏழு வருடம்: அந்த மேப் மட்டும் ஏன் காணாமல் போகிறது?

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். கையில் ஒன்பது கிளையன்ட் சைட் வைத்திருக்கிறார், எல்லாம் தனித்தனி வேர்ட்பிரஸ் (சைட்டை நடத்த உதவும் மென்பொருள்). "எல்லாத்தையும் ஒரே மல்டிசைட்டுக்குக் கொண்டுவந்துடலாமா? நீங்கதான் ரொம்ப நாளா ஓட்டுறீங்களே" என்று கேட்டார். மல்டிசைட் என்றால் ஒரே வேர்ட்பிரஸ் இன்ஸ்டலேஷனில் பல சைட்டுகளை ஓட்டுவது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டேன் என்று அப்புறம் தோன்றியது. அவரிடம் விளக்காமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் 11 சைட் ஒரே இன்ஸ்டலேஷனில் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது 10. கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, பல் டாக்டர், சின்னப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் வேறு வேறு முதலாளிகள், வேறு வேறு டொமைன்கள். முன்பு ஒவ்வொரு சைட்டுக்கும் அதன் சொந்த டொமைனைக் கொடுக்கத் தனி ப்ளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) வேண்டும். 2016-ல் வந்த வேர்ட்பிரஸ் 4.5-க்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை. எல்லா சைட்டையும் ஒன்றாகக் கவனிக்கும் நெட்வொர்க் அட்மின் பக்கத்தில் சைட்டின் முகவரியை மாற்றினால் போதும். எஸ்எஸ்எல் (https-க்கான சான்றிதழ்) மட்டும் ஒவ்வொரு டொமைனுக்கும் பார்த்துப் போட வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்டேட் விஷயத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. பாதுகாப்பு அப்டேட் வந்தால் ஒரே இடத்தில் ஒரு தடவை போட்டு, அப்கிரேட் நெட்வொர்க் பட்டனை அழுத்தினால் எல்லா சைட்டின் டேட்டாபேஸும் வரிசையாக மாறிவிடும். 2022 நவம்பரில் வேர்ட்பிரஸ் ஓடும் மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கு சப்போர்ட் முடிந்தபோது நான் சோதித்துப் பார்த்தது ஒரே ஒரு காப்பியைத்தான். தனித்தனியாக இருந்திருந்தால் 11 தடவை உட்கார்ந்திருப்பேன். பேக்கப்பும் ஒன்றுதான். இந்த நிம்மதிக்காகவே ஏழு வருடம் இதில் இருந்திருக்கிறேன்.

ஆனால் அந்த மேப்.

மண்டபத்து சைட்டில் "வரும் வழி" என்று ஒரு பக்கம் உண்டு. மண்டபத்துக்கு அந்தப் பக்கம்தான் உயிர். பத்திரிகையிலேயே அந்த லிங்க்கை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கூகுள் மேப் தருகிற ஐஃப்ரேம் கோடை (வேறு சைட்டின் பக்கத்தை நம் பக்கத்துக்குள் காட்டுவது) எடுத்து அதில் ஒட்டியிருந்தேன், அழகாக வந்தது. பத்து நாள் கழித்து மேனேஜர் போன் செய்தார். "தம்பி, மேப்பைக் காணோம்." மறுபடி ஒட்டினேன். அடுத்த மாதம் மறுபடி போன். அவர் மேப்பைத் தொடவே இல்லை. அதே பக்கத்தில் கீழே இருந்த போன் நம்பரை மாற்றி அப்டேட் கொடுத்தார், அவ்வளவுதான். பக்கம் சேவ் ஆனது, மேப் போய்விட்டது. எச்சரிக்கையும் வரவில்லை. எடிட்டரைத் திறந்து பார்த்தால் கோடு இருந்த இடம் காலி.

காரணம் தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. தனி வேர்ட்பிரஸில் அட்மின் எந்த எச்டிஎம்எல் கோடையும் போடலாம். மல்டிசைட்டில் அந்த உரிமை மொத்த நெட்வொர்க்கையும் நடத்தும் சூப்பர் அட்மினுக்கு, அதாவது எனக்கு, மட்டும்தான். சைட் அட்மின் சேவ் செய்யும்போது ஐஃப்ரேம், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்துவிடும். நான் போட்டால் நிற்கும், அவர் சேவ் செய்தால் போய்விடும். யூடியூப் வீடியோ மட்டும் தப்பிக்கும், ஏனென்றால் அங்கே லிங்க்கை ஒட்டினாலே போதும், வேர்ட்பிரஸே அதை வீடியோவாக்கிக் கொள்ளும். மேப்புக்கு அந்த வசதி இல்லை.

இந்தக் கட்டுப்பாடு தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு சைட்டின் அட்மின் கெட்ட ஸ்கிரிப்ட் ஒன்றைச் செருகி, நான் லாகின் ஆகியிருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டால், மற்ற பத்து சைட்டும் அவர் கைக்குப் போய்விடும். ஒரே வீட்டில் இத்தனை பேரைக் குடிவைத்தால் இப்படி ஒரு பூட்டு வேண்டும்தான். ஆனால் சேவ் செய்கிறவரிடம் "இதை நீக்கிவிட்டேன்" என்று ஒரு வரி சொல்லக் கூடாதா? முகூர்த்த நாளில் வழி தெரியாமல் நின்ற விருந்தாளிகள் மேனேஜரைத் திட்டியிருக்கிறார்கள். அவர் என்மேல் கோபப்பட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் பத்து வரியில் ஒரு ஷார்ட்கோடு (பக்கத்தில் ஒரு சொல்லைப் போட்டால், காட்டும்போது அந்த இடத்தில் மேப்பை நிரப்பிவிடும் கோடு) எழுதி, எல்லா சைட்டிலும் தானாக இயங்கும் எம்யூ-ப்ளகின்ஸ் ஃபோல்டரில் போட்டேன். இப்போது பக்கத்தில் இருப்பது சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு சொல். அதை யார் சேவ் செய்தாலும் ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு மேப் காணாமல் போகவில்லை.

பாஸ்வேர்ட் மெயில் இன்னொரு தலைவலி. பள்ளிக்கூடத்து டீச்சர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு ரீசெட் கேட்டால், போகிற மெயிலில் பள்ளியின் பெயர் இருக்காது. நெட்வொர்க்கின் பெயர் இருக்கும், லிங்க்கும் முதன்மை டொமைனுக்குப் போகும். அவர் அதை மோசடி மெயில் என்று நினைத்து அழித்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. இதையும் ஃபில்டர் என்ற சின்னக் கோடு எழுதி மாற்றலாம்.

என்னை நிஜமாகவே களைப்பாக்கியது போன மாதம். ஒரு கிளையன்ட் தன் சைட்டைத் தனியாக எடுத்துப்போக விரும்பினார், அது அவர் உரிமை. டூல்ஸில் இருக்கும் எக்ஸ்போர்ட் பதிவுகளைத் தரும், செட்டிங்ஸைத் தராது. ஆகவே அவருடைய சைட்டின் எண்ணான 7 பெயரில் இருந்த டேட்டாபேஸ் டேபிள்களைத் தனியே எடுத்து, பெயரில் இருந்த 7-ஐ நீக்கி, அப்லோட்ஸுக்குள் சைட்ஸ் ஃபோல்டரில் இருந்த படங்களை இடம் மாற்றி, டேட்டாபேஸ் முழுக்க பழைய பாதைகளைத் திருத்தினேன். யூசர் டேபிள் எல்லோருக்கும் பொது என்பதால் அவருடைய ஆட்களை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. இரவு ஒரு மணிக்கு லாகின் ஆனேன். பாஸ்வேர்ட் சரி, உள்ளே விடவில்லை. "இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை." டேபிள் பெயர்களில் நீக்கிய 7, யாருக்கு என்ன அனுமதி என்று வைத்திருக்கும் இரண்டு இடங்களில், ஆப்ஷன்ஸ் டேபிளுக்குள் யூசர் ரோல்ஸ் வரியிலும், யூசர்மெட்டாவில் கேப்பபிலிட்டீஸ் வரியிலும் அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டு வரியையும் திருத்திய பிறகுதான் டாஷ்போர்ட் திறந்தது. இரண்டு இரவு போனது இதற்கு.

நண்பர் போன் செய்தது அது முடிந்து நான்காவது நாள். அதனால்தான் அந்த பதில். இந்த வாரம் அப்டேட் வந்தது, பத்து சைட்டையும் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். ஆனாலும் அவருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஒன்பது முதலாளிகளில் ஒருவராவது ஒருநாள் கிளம்புவார். ஒரே முதலாளியின் ஒன்பது கிளைகள் என்றால் நானே வந்து போட்டுக் கொடுப்பேன்.

இல்லை, மல்டிசைட்டுக்குத்தான் மாறப்போகிறேன் என்றால், முதல் நாளே நெட்வொர்க் செட்டிங்ஸில் அப்லோட் அளவை உயர்த்திவிடுங்கள். தானாக இருப்பது 1500 கேபி, இன்றைய போன் போட்டோவுக்கு அது போதாது. மேப் ஷார்ட்கோடை நான் அனுப்பி வைக்கிறேன்.