ஏற்காட்டில் லேசர் இன்டர்நெட் விற்க வந்தால் உஷார்

மலையில் ஹோம்ஸ்டே, எஸ்டேட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. கேபிள் இழுக்க வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரு பெட்டி வைத்தால் ஃபைபர் வேகத்தில் நெட் என்று சொல்லி, சேலத்து நிறுவனம் ஒன்று காற்று வழியே லேசர் ஒளிக்கதிரில் நெட் அனுப்பும் லேசர் லிங்க்கை எங்கள் தலையில் கட்டிவிட்டது. விவகாரம் முடியாததால் பெயரைப் போடவில்லை.

ஃபைபர் ஏரிப் பக்கம் வரை இருக்கிறது. அங்கிருந்து எங்கள் ஹோம்ஸ்டேக்கு நேர்க்கோட்டில் ஒன்றரை கிலோமீட்டர், நடுவில் பள்ளம். மார்ச் மாத வெயிலில் டெமோ காட்டினார்கள், அருமையாக ஓடியது. "இங்கே பனிமூட்டம் இறங்குமே தம்பி" என்று அப்பா கேட்டார். "இது 1550 நானோமீட்டர் சார், பனியைத் துளைச்சுக்கிட்டுப் போகும்" என்று லேசர் ஒளியின் அலைநீளத்தைச் சொன்னார் வந்தவர். காங்கோ ஆற்றைத் தாண்டி 2021இல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 'தாரா' லேசர் இன்டர்நெட் ஓடிய கதையையும் எடுத்துவிட்டார். அது உண்மைதான். ஆனால் எல்லா வானிலையிலும் ஓடும் என்று அதைச் செய்தவர்களே சொல்லவில்லை.

ஐப்பசியில் வண்டவாளம் தெரிந்தது. மேகம் பள்ளத்தில் இறங்கினால் லிங்க் படுத்துவிடும், வெயில் ஏறும் வரை எழாது. வேடிக்கை என்னவென்றால், மழை இந்த அளவு படுத்தவில்லை. மழைத்துளி பெரிது, எண்ணிக்கையில் குறைவு. மூடுபனித் துளியோ சில மைக்ரான்தான். காற்று முழுக்க நிறைந்து நின்று ஒளியைச் சிதறடித்துவிடும். பார்வை அரை கிலோமீட்டருக்குக் கீழே போய்விட்டால் 850 நானோமீட்டர் லேசரும் 1550 லேசரும் ஒன்றுதான்.

கணக்கு எளிது. பார்வைத் தூரம் என்று சொல்வதே, ஒளி 2 சதவீதமாகத் தேயும் தூரத்தைத்தான். ஒளி தேய்வதை அளக்கும் டெசிபல் அலகில் அது 17. பார்வை 200 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 85, எங்கள் தூரத்துக்கு 127க்கு மேல். கருவி தாங்குவது மொத்தம் 30 டெசிபல். அதாவது பார்வை சுமார் 850 மீட்டருக்குக் குறைந்தாலே அது அவுட். ஏற்காட்டில் அதெல்லாம் மூடுபனிக் கணக்கிலேயே சேராது!

புகார் சொன்னால், கொட்டேஷனில் பொடி எழுத்தில் 'தெளிந்த வானிலையில்' என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். சரி, என்ன செய்வது என்றால், 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை பேக்கப்பாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், தனி விலைக்கு. அந்த ரேடியோவை மூடுபனி ஒன்றும் செய்யாது, அதற்கும் லைசென்ஸ் தேவையில்லை. வேகம் குறைவு, அவ்வளவுதான். முதல் நாளே சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டியது அது.

உங்களிடம் வந்தால், உங்கள் தூரத்துக்கு எத்தனை டெசிபல் மார்ஜின் (ஒளி எவ்வளவு தேய்ந்தாலும் கருவி தாங்கும்), பார்வை எவ்வளவு குறைந்தால் லிங்க் விழும் என்று எழுத்தில் கேளுங்கள். பேக்கப் ரேடியோ அதே விலைக்குள் வர வேண்டும். டெமோவை மூடுபனி நாளில் வைக்கச் சொல்லுங்கள்.

தொழிலுக்கு வாங்கியது நுகர்வோர் வழக்கில் வராது என்று மிரட்டுகிறார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதை வைத்துச் சேலம் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறோம். இதே மாதிரி வாங்கி மாட்டியவர்கள் இருந்தால் கொட்டேஷன், பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.