வாட்டில் மர விறகுக்கு எந்தக் கோடாலி?

ஆடி பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் வீடுகளின் கொல்லைப்புறத்தில் விறகு வந்து இறங்கிவிடும். கேஸ் அடுப்பிலும் கஞ்சி காய்ச்சலாம்தான், ஆனால் சாமி காரியத்துக்கு விறகடுப்பு வேண்டும் என்பவர்களே எங்களில் அதிகம். விறகு வந்தால் கோடாலிப் பேச்சும் கூடவே வரும். சில வருடங்களாக அந்தப் பேச்சில் ஸ்வீடன் கோடாலிகளும் சேர்ந்துகொண்டன. அவற்றில் ஒன்றின் விலைக்கு நம்மூர் ஹார்டுவேர் கடையில் ஐந்தாறு கோடாலி வாங்கலாம். அவ்வளவு கூடுதலாகக் கொடுத்து என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மரம் சாய்க்கவும் கிளை கழிக்கவும் என்றால் அந்தக் காசு தகும், விறகு பிளக்க மட்டும் என்றால் தகாது.

கையால் அடித்த கோடாலி என்றதும் பட்டறைக்கல்லும் சம்மட்டியும் வைத்துக்கொண்டு ஒருவர் வியர்க்க விறுவிறுக்க அடிப்பதாக நினைக்க வேண்டாம். ஸ்வீடனிலும் அடிப்பது இயந்திரச் சுத்தியல்தான். பழுத்த இரும்பைக் குறடால் பிடித்து, அடிக்கு அடி திருப்பி, எங்கே எவ்வளவு மெலிய வேண்டும் என்று பார்ப்பது மட்டும் கொல்லரின் கண்ணும் கையும். தொழிற்சாலைக் கோடாலியில் இரண்டு பாதி அச்சுக்கு நடுவே இரும்பை வைத்துச் சில அடிகளில் உருவத்தை எடுத்துவிடுவார்கள். இரண்டுமே அடித்த இரும்புதான், வார்ப்பு அல்ல. அதனால் ஒன்று உடையும், மற்றது உடையாது என்ற பேச்சுக்கு இடமில்லை. வித்தியாசம் கன்னத்தின், அதாவது வாய்க்குப் பின்னால் தலையின் இரு பக்கங்களின், மெலிவிலும், வெட்டும் வாய்க்குச் சூட்டில் போட்ட பதத்திலும், தீட்டி அனுப்பும் அக்கறையிலும் இருக்கிறது.

கிரான்ஸ்ஃபோர்ஸ் ப்ரூக் 1902இல் தொடங்கிய ஸ்வீடன் பட்டறை. தலையில் வண்ணம் பூசுவதில்லை, உலையிலிருந்து வந்த கறுப்பு அப்படியே இருக்கும். அடித்த கொல்லரின் பெயர் எழுத்துகளைத் தலையிலேயே பதித்து, 20 வருட உத்தரவாதமும் தருகிறார்கள். சிறிய காட்டுக் கோடாலியின் தலை ஏறக்குறைய 700 கிராம், காம்பு அரை மீட்டர். கையில் எடுத்து வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: மழுங்கின வாயில் வெள்ளைக் கோடு ஒன்று மின்னும், இதில் அது இருக்காது. பெட்டியிலிருந்து எடுத்ததுமே கைமுடியைச் சிரைக்கும். வாயின் கடினம், இரும்பின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில், 57 இருப்பதால் அரம் பிடிக்கும், ஆனால் சிணுங்கிக்கொண்டுதான் பிடிக்கும். கைத்தடி கனமுள்ள வாட்டில் கன்றைச் சாய்வாக ஒரே வெட்டில் துண்டாக்குவது இதற்கு ஒரு பெரிய வேலையே இல்லை.

ஹுல்ட்ஸ் ப்ரூக் என்ற இன்னொரு ஸ்வீடன் பட்டறை இன்னும் பழையது, 1697. அவர்களின் ஆக்கா என்ற கோடாலியும் அதே 700 கிராம் தலைதான், ஆனால் காம்பு 60 சென்டிமீட்டர். அந்தக் கூடுதல் நீளம் நின்று வெட்டுகிறவருக்குப் பெரிய சௌகரியம், முதுகும் வலிக்காது. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் ஆக்காவை எடுப்பேன். கிரான்ஸ்ஃபோர்ஸ் பேருக்கு விற்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொல்லரின் முத்திரைக்கும் கொஞ்சம் காசு போகிறது, அது உண்மை.

இனி லாஷர். தள்ளுவண்டி, மண்வெட்டி என்று இந்த நாட்டில் தெரியாதவர் இல்லாத பெயர். அச்சில் அடித்த தலை, தடித்த கன்னம், நல்ல கனம். பச்சை மரத்தை வெட்டும்போது தடித்த கன்னம் தடை, வெட்டு ஆழமாக இறங்காது. பிளக்கும்போதோ அதே தடிப்புதான் துணை, ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கும். மெல்லிய ஸ்வீடன் வாய் கணுவுள்ள கட்டையில் இறங்கிச் சிக்கிக்கொள்ள, அதை ஆட்டி எடுப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் நாலு கட்டை பிளந்திருப்பார். இந்த மாதிரிக் கோடாலியை வாங்கியதும் தட்டை அரத்தால் வாயின் இரு பக்கமும் கொஞ்சம் மெலிவாக்கி, சாணைக்கல்லில் முடித்தால் போதும். மின்சாரச் சாணையில் வைத்து வாய் நீலம் பாரித்துவிட்டால் பதம் போயிற்று, அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் நிற்காது.

பேர் ஊர் இல்லாத மலிவுச் சரக்கும் கிடைக்கிறது. கடையிலேயே அரத்தின் மூலையால் வாயோரம் லேசாக இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். சத்தமே இல்லாமல் அரம் ஆழமாக இறங்கினால் அது கோடாலி இல்லை, கோடாலி வடிவத்தில் ஒரு இரும்பு.

உண்மையில் கோடாலியைவிட மரம்தான் பெரிய விஷயம். நேட்டால் உள்நாட்டில் தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கறுப்பு வாட்டில் இன்று ஓடைக்கரை எல்லாம் பரவிக் கிடக்கிறது. அதையும் புளூகம் என்னும் யூகலிப்டஸ் மரத்தையும் வெட்டுவதால் ஊருக்கு நஷ்டம் இல்லை. கமீல்டோரிங் கதை வேறு. அது பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. மூட்டையில் விற்கும் செகல்போஸ் நம் தமிழ்நாட்டு விடத்தேரையேதான், வைரம் பாய்ந்த கட்டை, மெல்லிய வாயில் எளிதில் சில்லு பெயர்த்துவிடும். அதற்குப் போய் ஸ்வீடன் கோடாலியை எடுப்பது பாவம்.

எங்கள் கோவில் சமையற்கட்டில் விறகு பார்க்கும் பெரியவர் ஒருவர் சொல்வார்: "தம்பி, வாட்டிலைப் பச்சையா இருக்கும்போதே பிளந்துரு. காயவிட்டுட்டு அப்புறம் கோடாலியைக் குறை சொல்லாதே." புளூகம் இன்னும் மோசம், அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். காய்ந்த பிறகு அதைப் பிளக்க 2.5 கிலோ தலையுள்ள பிளப்புச் சம்மட்டி வேண்டும். அதையும் கிரான்ஸ்ஃபோர்ஸ் செய்கிறது, ஆனால் அந்தக் காசுக்கு நம்மூர்ச் சம்மட்டி ஒன்றும் இரும்பு ஆப்பு இரண்டும் வாங்கி மிச்சமும் வைக்கலாம்.

காம்பைப் பற்றி ஒன்று. ஸ்வீடன்காரர்கள் அமெரிக்க ஹிக்கரி மரம் போடுகிறார்கள், அதிர்ச்சி தாங்கும் அருமையான மரம். ஆனால் டர்பனின் ஈரக்காற்றில் இறுக்கமாக இருந்த தலை, ஜொஹானஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் ஆடத் தொடங்கும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது நம் வீடுகளில் பழைய வைத்தியம். அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாகத் தளரும். ஆளிவிதை எண்ணெயைத் தலையின் கண் (காம்பு நுழையும் துளை) வழியாக ஊறவிடுங்கள், இன்னும் ஆடினால் ஆப்பை மாற்றுங்கள். வாங்கும்போதும் காம்பின் அடிமுனையைப் பாருங்கள், மர ரேகை வாயின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எந்தப் பேர் போட்ட கோடாலியாக இருந்தாலும் அடுத்ததைக் கேளுங்கள்.

இந்த நாட்டிலேயே கத்தி அடிக்கும் நல்ல கொல்லர்கள் இருக்கிறார்கள், சிலர் சொன்னால் கோடாலியும் அடித்துத் தருவார்கள். அழகாக இருக்கும். ஆனால் நல்ல கத்தி அடிப்பவர் எல்லோரும் நல்ல கோடாலி அடிப்பார் என்று இல்லை. கண் நேராக இருக்கிறதா என்று காம்பு போடும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைப்பவர்கள் 15 சதவீத வாட் வரியையும் கப்பல் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பண்ணை இருந்து, வாட்டிலோடு தினம் மல்லுக்கட்டுகிறவர்கள் ஆக்காவை வாங்கலாம். வருடத்துக்கு ஒருமுறை கஞ்சிக்கும், அவ்வப்போது பிராய் என்னும் இறைச்சி சுடும் விருந்துக்கும் விறகு பிளப்பவர்களுக்கு லாஷரும் ஒரு நல்ல அரமும் போதும்.