பழையபேட்டை பிரேம் கடை: படம் வரைந்து விற்கிறவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரியில் பிரேம் போட நல்ல கடை எது என்று, என்னிடம் வரையக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் அப்பா அம்மா அடிக்கடி கேட்கிறார்கள். எப்போதும் ஒரே பதில்தான்: பழையபேட்டையில் சாமி படமும் கல்யாணப் போட்டோவும் வாசல் வரைக்கும் சாய்த்து வைத்திருக்கும் அந்தச் சின்னக் கடை. நான்கு வருடமாக என் வாட்டர்கலர் படங்கள் எல்லாம் அங்கேதான் போகின்றன.

இதற்கு முன்னால் வேறு ஊரில் ஒரு கடையில் கொடுத்து நன்றாக அடிபட்டேன். ராயக்கோட்டை மலையை வரைந்த படம். பிளைவுட்டில் வெள்ளைப் பசை தடவி முழுத் தாளையும் ஒட்டி, அதன்மேல் நேராகக் கண்ணாடியை வைத்து அழுத்திவிட்டார்கள். ஒரு மழைக்காலம் போனதும் தாள் அலை அலையாக எழும்பி, வானம் இருந்த இடம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தார். பணத்தைக் கொடுத்துவிட்டேன், படம் போனது போனதுதான்.

பழையபேட்டைக் கடைக்காரர் பாய் அப்படிச் செய்யமாட்டார். தாளின் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் காகித டேப் போட்டு, துணி காயப்போடுகிற மாதிரி தொங்க விடுவார். ஈரக்காற்றில் தாள் விரிந்தாலும் சுருங்கினாலும் அதற்கு இடம் இருக்கும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட், அதாவது படம் தெரிய ஜன்னல் மாதிரி வெட்டிய தடித்த அட்டை, கட்டாயம். மவுண்ட் வெட்டுவதை ஒருதரம் பக்கத்தில் நின்று பாருங்கள்: பிளேடைச் சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு, உள் ஓரத்தில் வெள்ளைக் கோடு நூல் பிடித்த மாதிரி வந்து நிற்கும். மூலையில் ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டுப்பட்டாலும் அந்த அட்டையைத் தூக்கி வைத்துவிட்டு வேறு எடுப்பார், அதற்குக் காசு கேட்டதில்லை. பின்பக்கம் பிரவுன் டேப்பைச் சுற்றிலும் இடைவெளி விடாமல் ஒட்டுகிறார், பூச்சி உள்ளே போகாது.

ஆனால் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் வேறு. 12க்கு 16 அங்குலப் படம் ஒன்றை பிரேமோடு சேர்த்து 2,500 ரூபாய்க்குக் கொடுக்கிறேன் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். பிரேமுக்கு 850, தாளும் கலரும் ஒரு 300. மிச்சம் 1,350 ரூபாய், அதற்கு ஐந்து நாள் உட்கார்ந்திருக்கிறேன். பாய் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, பிரேம் பட்டைக்கு அடி கணக்கு, கண்ணாடிக்குச் சதுர அடி கணக்குன்னு நான் சொல்றேன். உன் கைக்கு மட்டும் ஏன் கணக்கு இல்ல?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரியே நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். சதுர அங்குலத்துக்கு 20 ரூபாய் என்று வைத்தால் அதே படம் 3,840, பிரேம் தனி. இன்றுவரை அதுதான் என் விலை. தெரிந்தவர்களுக்கு ஒன்று, தெரியாதவர்களுக்கு ஒன்று என்று மாற்றிச் சொல்லும் சங்கடமும் அதோடு ஒழிந்தது. சிலர் வாங்காமல் போனார்கள், உண்மைதான். ஆனால் சனி ஞாயிறு வகுப்புக் காசும் இதுவும் சேர்ந்து வருவதால், மனசுக்குப் பிடிக்காத போர்ட்ரெய்ட் ஆர்டரை இப்போது தைரியமாக வேண்டாம் என்று சொல்ல முடிகிறது.

படங்களைப் பிரிண்ட் போட்டு விற்கச் சொன்னதும் அவர்தான். எனக்கு முதலில் மனசே வரவில்லை. பிறகுதான் ஆங்கில ஓவியர்களான டேனியல்கள் நினைவுக்கு வந்தார்கள். 1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பாராமகால் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தப் பக்கம் வந்து, நான் வரைகிற இதே ராயக்கோட்டை மலையை வரைந்தவர்கள். லண்டன் திரும்பியதும் படங்களைச் செப்புத் தகட்டில் ஏற்றி, அச்செடுத்து, தொகுதி தொகுதியாகப் பல வருடம் விற்றார்கள். அவர்களே அச்சுப்போட்டு விற்றிருக்கும்போது எனக்கு என்ன தயக்கம்? பெங்களூரில் நல்ல பருத்தித் தாளில் ஏ4 அளவு பிரிண்ட் எடுத்துவந்தேன். பாய் மொத்தமாக 40 மவுண்ட், ஒன்று 60 ரூபாய்க்கு வெட்டிக் கொடுத்தார். ஜனவரியில் பெங்களூர் குமார கிருபா ரோட்டில் நடக்கும் ஓவியச் சந்தையான சித்ர சந்தேக்கு எல்லாவற்றையும் கொண்டுபோனேன். பிரேம் போட்ட ஒன்பது படத்தில் இரண்டு விற்றன. பிரிண்ட் முப்பத்தொன்று போனது, ஒன்று 450. மாந்தோப்புப் படம்தான் அதிகம் கேட்டார்கள். பஸ்ஸில் அவ்வளவு தூரம் போயும் ஒரு கண்ணாடிகூட விரியவில்லை. மூலைக்கு மூலை அட்டை மடித்து மாட்டி, இரண்டிரண்டாக முகம் பார்க்க வைத்துக் கட்டியிருந்தார்.

குறையும் உண்டு. அவரிடம் இருக்கும் மவுண்ட் அட்டை சாதாரண ரகம், நாளாக நாளாக ஓரம் பழுக்கும். ஒரிஜினலுக்கு அமிலம் இல்லாத அட்டையை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், வெட்டுக்கூலி மட்டும்தான் வாங்குவார். பட்டையில் டிசைன் குறைவு, தங்கக்கலர் பூ வேலைதான் நிறைய. மெல்லிய கறுப்பு மரப்பட்டை வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும். ஆயுத பூஜை நெருங்கினால் சாமி படம் குவிந்துவிடும், அப்போது அவசர வேலை கொடுக்காதீர்கள், நிச்சயம் தள்ளிப்போகும். எனக்கே ஒரு ஆர்டர் ஆறு நாள் தாமதமாகி, வாங்குகிறவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

படத்தைச் சுருட்டிக்கொண்டு போகாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்துக் கொண்டுபோங்கள். சுற்றிலும் ஒரு அங்குலமாவது வெள்ளை ஓரம் விட்டு வரைந்திருந்தால் மவுண்ட் போடச் சுலபம். வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது, தொழுகை முடிந்து மூன்று மணிக்கு மேல் போனால் பாய் இருப்பார்.